ஆபீஸ் குரூப்பில் மதப் பதிவு: வழக்கு வருமா, வேலை போகுமா, என்ன செய்யலாம்?

2024 அக்டோபர் கடைசி, தீபாவளி நேரம். கேரளாவில் பணியாற்றும் ஐஏஎஸ் அதிகாரிகள் சிலரின் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தது. யாரையும் கேட்காமலேயே ஒரு புதிய வாட்ஸ்ஆப் குரூப்பில் அவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். குரூப்பின் பெயர் 'மல்லு ஹிந்து ஆஃபீசர்ஸ்'. அப்போது மாநிலத் தொழில் துறை இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவரின் எண்ணில் இருந்து அது உருவாக்கப்பட்டிருந்தது.

சேர்க்கப்பட்டவர்களில் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தனர். குரூப் விரைவில் கலைக்கப்பட்டது. தன் போன் ஹேக் செய்யப்பட்டதாக அந்த அதிகாரி போலீசில் புகார் கொடுத்தார். ஹேக் செய்யப்பட்டதற்கு விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. நவம்பர் 11-ம் தேதி மாநில அரசு அவரை சஸ்பெண்ட் செய்தது. அதிகாரிகளிடையே பிரிவினையை விதைத்து, அகில இந்தியப் பணியின் ஒற்றுமையைக் குலைக்கும் நோக்கம் முதல் பார்வையில் தெரிகிறது என்று உத்தரவில் கூறப்பட்டது. 2025 ஜனவரியில் சஸ்பென்ஷன் ரத்தாகி, அவர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் குரூப்பில் யாரோ எந்த மதத்தையோ திட்டி எழுதியதால் சர்ச்சை வரவில்லை. அப்படி ஒரு குரூப் இருந்ததே சர்ச்சை. "சும்மா ஒரு குரூப்தானே, இதுக்கெல்லாமா சஸ்பெண்ட்?" என்று தோன்றலாம். ஆனால் ஓர் அதிகாரியின் மேசைக்கு வரும் ஃபைலில் எல்லா மதத்தினரின் பெயரும் இருக்கும். "இவர் என் ஃபைலை என் பெயரைப் பார்த்து முடிவு செய்வாரோ?" என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், அது அவருடைய நாற்காலியின் மீதான நம்பிக்கையையே அரித்துவிடும்.

ஐஏஎஸ் அதிகாரிக்கு மட்டும் அல்ல, டெவலப்பர், டாக்டர், எச்.ஆர்., வங்கி ஊழியர், டெலிவரி மேலாளர் என எல்லோருக்கும் இது பொருந்தும். வெறுப்பைத் தூண்டும் நோக்கம் இருந்ததா என்றுதான் சட்டம் கேட்கும். தொழில் தர்மம் அதற்கு வெகு முன்னாலேயே வேறொரு கேள்வியைக் கேட்டுவிடுகிறது: வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர் உங்களிடம் தயக்கம் இல்லாமல் வர முடியுமா, வந்தால் அதே மரியாதையும் அதே வேலையும் கிடைக்குமா?

இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

'வெறுப்புப் பேச்சு' என்ற பேச்சு அடிக்கடி அடிபட்டாலும், நாடு முழுமைக்குமான குற்றவியல் சட்டத்தில் அதற்குத் தனி வரையறை கிடையாது. இதற்கெனத் தனிப் பிரிவுகளைச் சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 2017-ல் தன் 267-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. வழக்குகள் இன்றும் வேறு சில பிரிவுகளின் கீழ்தான் பதியப்படுகின்றன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ் அமலில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. முக்கியமானவை மூன்று:

பிரிவு 196 (பழைய 153ஏ): மதம், சாதி, மொழி போன்றவற்றின் அடிப்படையில் பிரிவினரிடையே பகையை வளர்ப்பது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 299 (பழைய 295ஏ): ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே, தீய எண்ணத்துடன் அவர்களின் மதத்தை இழிவுபடுத்துவது. இதற்கும் 3 ஆண்டு வரை சிறை.

பிரிவு 353 (பழைய 505): பிரிவினரிடையே பகையை உண்டாக்கும் நோக்கில் பொய்த் தகவலையோ வதந்தியையோ பரப்புவது. இதற்கும் அதே 3 ஆண்டு.

வாட்ஸ்ஆப், இன்ஸ்டா, மெயில் எல்லாம் இதற்குள் வருமா? வரும். மின்னணு வழியாகச் செய்தாலும் குற்றமே என்பது புதிய சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

"66ஏ பிரிவைத்தான் தூக்கிட்டாங்களே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 'எரிச்சலூட்டும்' பதிவு போட்டாலே கைது என்ற நிலை அதோடு முடிந்தது. மேலே சொன்ன மூன்று பிரிவுகளும் வேறு. அவை அப்படியே இருக்கின்றன.

அப்போ எது குற்றம் இல்லை?

இதைத் தெரிந்துகொள்வதும் அதே அளவு முக்கியம். பயத்தில் வாயை மூடிக்கொள்வது மத நல்லிணக்கம் ஆகிவிடாது.

மகாராஷ்டிராவின் கோலாப்பூரில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். காஷ்மீரைச் சேர்ந்தவர். பெற்றோரும் ஆசிரியர்களும் இருந்த ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் அவரும் உறுப்பினர். 2022 ஆகஸ்டில் அவர் இரண்டு ஸ்டேட்டஸ் வைத்தார். ஒன்று, ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5-ஐ கறுப்பு நாள் என்றது. மற்றொன்று, ஆகஸ்ட் 14-ல் பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்து சொன்னது. 153ஏ பிரிவில் வழக்கு பதிவானது. பம்பாய் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது.

2024 மார்ச் 7-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அரசின் முடிவை விமர்சிக்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு, இன்னொரு நாட்டுக்கு அதன் சுதந்திர தினத்தில் வாழ்த்து சொல்வது நல்லெண்ணம்தான் என்றது. ஒரு பதிவை எடைபோடும்போது, எதைப் பார்த்தாலும் பதறும் பலவீனமான மனதை அளவுகோலாக வைக்கக் கூடாது. நிதானமான, உறுதியான மனம் கொண்ட மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்றுதான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. பேச்சுரிமை பற்றி போலீசாருக்குச் சொல்லித்தர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதும் அதே தீர்ப்பில் உள்ள கருத்து.

ஒரு வருடம் கழித்து, 2025 மார்ச் 28-ல், காங்கிரஸ் எம்பி இம்ரான் பிரதாப்கடி பகிர்ந்த ஒரு கவிதை வீடியோ தொடர்பாக குஜராத்தில் பதிவான வழக்கையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு தொடர்பான புகார்களில், எஃப்ஐஆர் போடும் முன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பெரும்பாலும் பொருத்தமானது என்றது.

சுருக்கமாகச் சொன்னால், அரசை விமர்சிப்பது, ஒரு மதத்தின் பழக்கத்தைப் பற்றி நிதானமாகக் கேள்வி கேட்பது, பண்டிகைக்கு வாழ்த்து சொல்வது போன்றவை தம்மளவில் குற்றம் அல்ல. பகையைத் தூண்டும் நோக்கம் வேண்டும். ஆனால் 'கடைசியில் ரத்தாகிடும்' என்று தைரியமாக இருக்கவும் முடியாது. அந்தப் பேராசிரியருக்கு நிவாரணம் கிடைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது.

"நான் எழுதல, ஃபார்வர்ட்தான் பண்ணேன்"

இந்தச் சாக்கு சென்னையிலேயே நீதிமன்றம் ஏறி, தோற்றிருக்கிறது. 2018-ல் நடிகரும் பாஜக பிரமுகருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். வேறொருவர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் மறுத்தது. வழக்கை ரத்து செய்யச் சொல்லி அவர் போட்ட மனு 2023-ல் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. 2024-ல் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அது மதம் சார்ந்த வழக்கு இல்லைதான். ஆனால் 'ஃபார்வர்ட் செய்பவருக்கும் பொறுப்பு உண்டு' என்ற வாதம் எந்தப் பதிவுக்கும் பொருந்தும்.

வாட்ஸ்ஆப்பே இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. 2018-ல் வதந்திகளால் கும்பல் கொலைகள் நடந்தபோது 'ஃபார்வர்டட்' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்றது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று மாற்றியது. செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரிந்திருக்காது.

"நான் அட்மின். நானும் மாட்டுவேனா?"

கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்ஆப் குரூப் ஒன்றில் உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவு, இரு சமூகங்களிடையே கசப்பை உண்டாக்கும் வகையில் இருப்பதாகப் புகார் எழுந்தது. அட்மினின் பெயரும் எஃப்ஐஆரில் ஏறியது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தெளிவாகச் சொன்னது: அவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால், குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை நீக்க வேண்டும்.

பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இதே வழியில் தீர்ப்பளித்தன. உறுப்பினர் போடுவதற்கு அட்மின் தானாகப் பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் அட்மினும் சேர்ந்து திட்டமிட்டார், தூண்டினார் என்றால் கதை வேறு.

சட்டப்படி இவ்வளவுதான். இருந்தாலும் ஆபீஸ் குரூப்பின் அட்மின் பெரும்பாலும் டீம் லீடாகவோ மேனேஜராகவோ இருப்பார். ஒருவரைப் புண்படுத்தும் பதிவு இரண்டு நாள் அப்படியே கிடக்க, அவர் அதற்குக் கீழே "நாளைக்கு 10 மணிக்கு ஸ்டாண்ட்அப்" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போனால், டீமுக்கு ஒரு செய்தி போய்விடுகிறது: 'இங்கே இது ஓகே.' இதற்காக எந்தக் கோர்ட்டும் அவரைக் கூண்டில் ஏற்றாது. ஆனால் புண்பட்ட அந்த ஊழியர் அடுத்த முறை ஒரு பிரச்னை என்றால் இந்த லீடிடம் போகமாட்டார்.

கம்பெனி என்னைத் தூக்க முடியுமா?

"என் பர்சனல் அக்கவுன்ட், என் போன், ஆபீஸ் நேரம் முடிஞ்சாச்சு. கம்பெனிக்கு என்ன வேலை?"

நியாயமான கேள்வி. அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் கருத்துச் சுதந்திரம் முதன்மையாக அரசின் கைகளைக் கட்டுகிறது. தனியார் வேலையில் உங்களைக் கட்டுவது ஆஃபர் லெட்டரும், சேரும்போது 'ஐ அக்ரீ' அழுத்திய நடத்தை விதிகளும்தான். பல நிறுவனங்களின் விதிகளில், மத அடிப்படையிலான துன்புறுத்தலும் நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் பொதுப் பதிவுகளும் ஒழுங்கீனம் என்றே எழுதப்பட்டிருக்கும். உங்கள் நிறுவனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து படித்துவிடுவது நல்லது.

அதே நேரம், நிறுவனம் நினைத்தவுடன் வெளியே அனுப்பிவிடவும் முடியாது. உதாரணமாக, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவு, தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி, ஆதாரம் பதிவாகியிருக்க வேண்டும். யார் யாருக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்பது வேலையின் தன்மையைப் பொறுத்து மாறும். ஆகவே நோட்டீஸ் வந்தால் உடனே ராஜினாமா எழுதிக் கொடுக்காமல், ஒரு தொழிலாளர் நல வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், அல்லது போகும் எண்ணத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மதத்தின் பேரில் பாகுபாட்டையும் வெறுப்பையும் தடுக்கும் சட்டத்தை ஐக்கிய அரபு அமீரகம் 2015-லேயே கொண்டுவந்துவிட்டது. 2020 ஏப்ரலில், கொரோனாவை முஸ்லிம்களோடு இணைத்துப் பதிவு போட்ட இந்தியர்கள் சிலர் அங்கே வேலை இழந்தார்கள். கொரோனா மதம், இனம், நிறம் பார்க்காது என்று பிரதமர் மோதி ஏப்ரல் 19-ல் லிங்க்ட்இன்னில் எழுதினார். மறுநாள், அமீரகத்தில் இருந்த இந்தியத் தூதர், பாகுபாடு நம் ஒழுக்க விழுமியங்களுக்கும் சட்டத்துக்கும் எதிரானது, இதை இங்குள்ள இந்தியர்கள் எப்போதும் நினைவில் வைக்க வேண்டும் என்று ட்விட்டரில் பதிவிட்டார்.

வாடிக்கையாளரே மதம் பார்த்தால்?

இங்கேதான் தொழில் தர்மத்துக்கு உண்மையான சோதனை. கெட்ட எண்ணம் உங்களிடம் இல்லை. கேட்பது கஸ்டமர். 'கஸ்டமர் சொல்றார், செய்வோம்' என்று விடுவதா?

2018 ஜூனில் ஏர்டெல் டிடிஎச் வாடிக்கையாளர் ஒருவர் ட்விட்டரில் புகார் செய்தார். பதில் சொன்ன ஊழியர் முஸ்லிம் என்று பெயரில் தெரிந்ததும், தனக்கு இந்து ஊழியர்தான் வேண்டும் என்றார். அடுத்த பதில் வேறொரு ஊழியரின் பெயரில் வந்தது. நிறுவனம் மதவெறிக்கு வளைந்துகொடுத்துவிட்டதாகக் கடும் கண்டனம் எழுந்தது. மத அடிப்படையில் ஊழியர்களையோ வாடிக்கையாளர்களையோ தாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை என்று ஏர்டெல் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

2019 ஜூலை கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் ஒருவர், டெலிவரி செய்ய வருபவர் இந்து இல்லை என்று சொல்லி சொமேட்டோ ஆர்டரை ரத்து செய்தார். ஆளை மாற்ற நிறுவனம் மறுத்தது. உணவுக்கு மதம் கிடையாது, உணவே ஒரு மதம் என்று ட்விட்டரில் பதில் சொன்னது. எங்கள் விழுமியங்களுக்குக் குறுக்கே வரும் வியாபாரத்தை இழப்பதில் வருத்தமில்லை என்றார் நிறுவனர் தீபிந்தர் கோயல். ஆர்டரை ரத்து செய்தவருக்கு ஜபல்பூர் போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது.

இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டது ஒன்றுதான். முதல் இடத்தில், முதலில் பதில் சொன்ன ஊழியர் தன் வேலையில் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் பெயர்தான் பிரச்னையாகப் பார்க்கப்பட்டது. சத்தமில்லாமல் ஆளை மாற்றினால், 'உன் பெயர் எங்களுக்குச் சங்கடம்' என்று நிறுவனமே அவரிடம் சொன்ன மாதிரிதான்.

மூன்றாவது உதாரணம் சென்னை. 2020 மே மாதம், தி.நகரில் ஒரு பேக்கரி வாட்ஸ்ஆப்பில் ஒரு விளம்பரம் விட்டது. தங்களிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்ற வரி அதில் இருந்தது. கொரோனா வதந்திகளால் வாடிக்கையாளர்கள் போன் செய்து கேட்டதால்தான் போட்டோம் என்று கடைத் தரப்பில் சொல்லப்பட்டது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். வாடிக்கையாளர் கேட்டார் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களில் மதத்தின் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. இது தனியாருக்கும் பொருந்தும். ஆனால் தனியார் வேலைவாய்ப்பில் மதப் பாகுபாட்டைத் தடுக்க நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் எதுவும் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியை இன்று நிரப்புவது நிறுவன விதிகளும், அங்கே வேலை பார்ப்பவர்களின் மனசாட்சியும்தான்.

எந்தத் தொழிலில் என்ன விதி?

மருத்துவர்கள்: 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளில் ஒரு உறுதிமொழி இருக்கிறது. என் கடமைக்கும் நோயாளிக்கும் இடையில் மதம், நாடு, இனம், கட்சி அரசியல், சமூக அந்தஸ்து எதையும் குறுக்கே வர விடமாட்டேன் என்பது அதன் சாரம். மருத்துவர்களின் சமூக ஊடக நடத்தைக்கு வழிகாட்டுதல்களோடு தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது; அதே மாதமே அவற்றை நிறுத்தி வைத்தது. அதனால் 2002 விதிகளுக்கே மறுபடி உயிர் வந்தது. 2020 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் ஒரு மருத்துவமனை, முஸ்லிம் நோயாளிகள் கொரோனா நெகட்டிவ் சான்றோடுதான் வர வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. வழக்கு பதிவானது, மருத்துவமனை மன்னிப்பு கேட்டது.

எச்.ஆர்.: 2015 மே மாதம் மும்பையில், எம்பிஏ படித்த ஓர் இளைஞர் ஒரு வைர ஏற்றுமதி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். முஸ்லிம் அல்லாதவர்களை மட்டுமே எடுக்கிறோம் என்று மெயில் வந்தது. அவர் அதை ஃபேஸ்புக்கில் போட, விவகாரம் வெடித்து வழக்கும் பதிவானது. பயிற்சியில் இருந்த எச்.ஆர். ஊழியரின் தவறு அது என்றது நிறுவனம். மேலிடத்தில் வாய்மொழியாக யார் எதைச் சொன்னாலும், மெயிலில் இருப்பது உங்கள் பெயர்தான் என்பதை வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

டெக் துறை: 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை 'ஏலம்' விடுவதாகக் காட்டிய இரண்டு ஆப்கள் கிட்ஹப் தளத்தில் ஏற்றப்பட்டன. பத்திரிகையாளர்களும் ஒரு பெண் விமானியும் இலக்கு வைக்கப்பட்டவர்களில் உண்டு. கைதானவர்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அதில் பொறியியல் மாணவர்களும் இருந்தார்கள். கோடு எழுதத் தெரிந்த கை, வேலைக்குப் போகும் முன்பே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது.

டேட்டாவைக் கையாள்பவர்களுக்கு இன்னொன்று. 2019-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, மத நம்பிக்கையை 'உணர்திறன் மிக்க தரவு' என்று தனியாகப் பிரித்திருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. அதனால் ஒரு ஃபார்மில் 'மதம்' என்ற கட்டத்தை வைக்கும் முன், இது எதற்கு, யார் பார்ப்பார்கள், இல்லாமல் வேலை நடக்காதா என்று கேட்க வேண்டியது அதை வடிவமைக்கும் நீங்கள்தான்.

குரூப்பில் அப்படி ஒன்று வந்தால் என்ன செய்யலாம்?

1. முதலில் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். 'பாருங்க, எவ்ளோ மோசமா போட்டிருக்காங்க' என்று திட்டுவதற்காக அனுப்பினாலும் அது பரவத்தான் செய்யும்.

2. சரிபாருங்கள். கலவரப் படம், கோயில் அல்லது மசூதி வீடியோ என்றால், படத்தைக் கூகுள் லென்ஸில் தேடினாலே பல நேரம் பழைய படம், வேறு நாட்டுப் படம் என்று தெரிந்துவிடும்.

3. போட்டவரிடம் தனியாகப் பேசுங்கள். "அண்ணா, அது பழைய வீடியோ. நம்ம டீம்ல எல்லாரும் இருக்காங்க, எடுத்துடுங்களேன்" என்று சொன்னால் பத்தில் பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள். குரூப்பிலேயே வைத்து அவமானப்படுத்தினால், அவர் அதை நியாயப்படுத்தத்தான் பார்ப்பார்.

4. குரூப்பில் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே வரி போதும்: "இது வேலைக்கான குரூப். இங்க வேண்டாம்." யாருடைய மதத்தை இழித்தாலும் இதே வரிதான். ஒரு பக்கம் வந்தால் கோபம், மறு பக்கம் வந்தால் சிரிப்பு எமோஜி என்றால் அந்த வரிக்கு மதிப்பு இருக்காது.

5. தொடர்ந்தால், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மேனேஜர் அல்லது எச்.ஆருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மிரட்டல், வன்முறைக்கு அழைப்பு என்றால் போலீஸ். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் தரலாம்.

6. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வெளியே பரப்பாதீர்கள். பெயர், போன் நம்பர், வேலை செய்யும் இடத்தோடு ஒருவரை ஊருக்குக் காட்டிக் கொடுப்பது ஆபத்தானது. 2022 ஜூனில் மகாராஷ்டிராவின் அமராவதியில் மருந்துக்கடை நடத்திவந்த ஒருவர், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். நூபுர் சர்மாவை ஆதரித்து அவர் வாட்ஸ்ஆப்பில் பகிர்ந்த பதிவே காரணம் என்பது என்ஐஏவின் குற்றச்சாட்டு. ஒரு மெசேஜ் தவறா இல்லையா என்பதை முடிவு செய்யும் இடம் எச்.ஆர்., போலீஸ், நீதிமன்றம். ஒருபோதும் கும்பல் அல்ல.

தவறாக அனுப்பியது நீங்கள் என்றால்? அழித்துவிட்டு, அதே குரூப்பில் இரண்டு வரி எழுதுங்கள்: "சரிபார்க்காம அனுப்பிட்டேன். தப்புதான், மன்னிச்சிடுங்க." அழிப்பது மட்டும் போதாது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 60 பேர் இருக்கும் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால், சிலர் கைதட்டுவார்கள், சிலர் சண்டை போடுவார்கள், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த மெசேஜ் யாருடைய மதத்தைப் பற்றியதோ, அவர் எதுவும் சொல்லமாட்டார். நீல டிக் மட்டும் விழும். மறுநாள் காலை அதே கேன்டீனில் உங்களுக்கு எதிரே அவர் உட்கார்வார். அவர் முந்தின இரவே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்: அந்தக் குரூப்பில் ஒருவராவது "இங்க வேண்டாம்" என்று சொன்னாரா, இல்லையா?